அந்த அம்மா கேட்டது என்ன?



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் ராத்திரி படித்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதியில் விட்டுவிடாதீர்கள், கடைசியில் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. குறிப்பாக 1987-ல் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் என்னிடம் படித்தவர்களுக்கு.

போன வாரம் லீவுக்கு வந்திருந்த பேரன் லேப்டாப்பில் ஒரு படம் போட்டுக் காட்டினான். 'தி ஃபர்கிவன்' என்று பெயர். 2017-ல் வந்தது. ரோலண்ட் ஜோஃபே எடுத்தது. 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்', 'தி மிஷன்' எல்லாம் எடுத்தாரே, அவர்தான். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு நடக்கிற கதை. பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவாக ஃபாரஸ்ட் விட்டேகர் நடித்திருக்கிறார். படம் பார்த்த அன்றைக்கே இங்கே இரண்டு வரி போட்டேன். உடனே நாற்பது ஐம்பது பின்னூட்டம். "மன்னிப்பதுதான் பெரிய குணம் டீச்சர்", "அந்தத் தாய் தெய்வம்", "நம்ம ஆட்களும் கத்துக்கணும் அத்தை" என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏன் என்று இரண்டு நாளாக யோசித்ததில் வந்ததுதான் இது.

முதலில் கதை. பீட் புளோம்ஃபெல்ட் என்று ஒரு வெள்ளைக்காரன். நிறவெறி அரசுக்காகக் கொலை செய்தவன். கேப் டவுனில் பொல்ஸ்மூர் சிறையில் ஆயுள் கைதி. (நெல்சன் மண்டேலாவை ராபன் தீவிலிருந்து கொண்டுவந்து 1982 முதல் 1988 வரை வைத்திருந்தார்களே, அதே பொல்ஸ்மூர்.) அவன் டுட்டுவுக்குக் கடிதம் எழுதுகிறான். டுட்டு போய்ப் பார்க்கிறார். வருத்தம் துளிகூட இல்லாமல், அவருடைய நிறத்தையும் அவருடைய கடவுளையும் சேர்த்து ஏசுகிறான். எரிக் பானா நடித்திருக்கிறார். கண்ணைப் பார்த்தாலே பயமாக இருந்தது. இந்த புளோம்ஃபெல்ட் கற்பனைப் பாத்திரம். மைக்கேல் ஆஷ்டன் என்பவர் எழுதிய மேடை நாடகம்தான் படத்துக்கு மூலம். டுட்டுவும் அவர் தலைமை வகித்த ஆணையமும் நிஜம்.

இன்னொரு பக்கம் மொரோபி என்று ஒரு அம்மா வருகிறார். அவருடைய மகள் காணாமல் போய்ப் பல வருஷமாகிறது. டுட்டுவிடம் வந்து, என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று கேட்கிறார். அந்த மகளின் சாவுக்கும் சிறையில் இருப்பவனுக்கும் இருக்கிற முடிச்சு மெதுவாக அவிழ்கிறது. கடைசியில் விசாரணைக் கூடத்தில் அந்த அம்மா, மகளின் கொலையில் பங்கிருந்த ஒருவனுக்கு எதிரே நின்று மன்னிக்கிறார். நானும் அழுதேன், மறைக்கவில்லை. தாண்டி மகுபேலே என்ற அந்த நடிகைக்கு வசனம் அதிகம் கிடையாது. முகம் மட்டும்தான்.

நடிப்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் பார்த்தால், படத்தில் பெரும்பங்கு நேரம் இரண்டு ஆண்கள் ஒரு சிறை அறையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கொலை செய்தவன் எப்படி அப்படி ஆனான், அவன் சின்ன வயசில் என்ன பட்டான், அவன் மனசு எப்போது உருகும் என்று நம்மையும் காத்திருக்க வைக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அந்த நேரமெல்லாம் வெளியே காத்திருக்கிறாள். கடைசியில் உள்ளே கூப்பிடுகிறார்கள், வந்து மன்னிக்கிறாள், படம் முடிகிறது. முடிந்ததும் நீங்கள் எல்லோரும் "தெய்வம்" என்று எழுதுகிறீர்கள்.

அந்த அம்மா முதல் காட்சியில் கேட்டது என்ன என்று ஒருவர்கூட எழுதவில்லை. என் மகளுக்கு என்ன நடந்தது, அவள் எங்கே என்றுதான் கேட்டார். மன்னிப்பைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

இங்கே கொஞ்சம் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. பழக்கதோஷம். என் வகுப்பில் தென்னாப்பிரிக்கா என்றாலே காந்தி ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டதும், தில்லையாடி வள்ளியம்மையும்தான். அந்தப் பெண் 1914-ல் பதினாறு வயசில், சிறையில் வந்த காய்ச்சலோடு வெளியே வந்து செத்துப்போனாள். அதைச் சொல்லும்போது நீங்கள் எல்லோரும் கண் கலங்குவீர்கள். பிறகு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அதற்கப்புறம் அந்த நாட்டில் எண்பது வருஷம் என்ன நடந்தது என்று நான் சொல்லித் தரவில்லை. பாடத்திலும் இரண்டு பத்திதான் இருந்தது.

1948-ல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. பிரித்து வைப்பது அதற்கு முன்னாலும் இருந்ததுதான். இவர்கள் அதை வரிவரியாகச் சட்டமாக்கினார்கள். 1950-ல் ஒவ்வொரு மனிதனும் இன்ன இனம் என்று பதிவேட்டில் எழுதும் சட்டம் வந்தது. அதே வருஷம் எந்த இனத்தார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று இன்னொரு சட்டம். டர்பனில் நம் தமிழர்கள் உள்பட இந்தியர்களையும் இதைக் காட்டித்தான் வீடுவாசலை விட்டுக் கிளப்பினார்கள். 1953-ல் கறுப்பர் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம், மட்டமான பாடத்திட்டம், கூலி வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு படிப்பு. சொந்த ஊரில் நடமாடக் கறுப்பர்கள் பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும். அதை எதிர்த்து 1960 மார்ச் 21-ல் ஷார்ப்வில்லில் கூடிய கூட்டத்தின்மேல் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள். 1976 ஜூனில் சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனபோது அவர்கள்மீதும் சுட்டார்கள்.

1994-ல் தேர்தல் நடந்து மண்டேலா வந்தார். கொன்றவர்களை என்ன செய்வது? போலீசும் ராணுவமும் இன்னும் பழைய ஆட்கள் கையில். எல்லோரையும் கோர்ட்டுக்கு இழுத்தால் உள்நாட்டுப் போர் வரும் என்ற பயம் இருந்தது. எல்லாவற்றையும் மூடி மறைத்தால் செத்தவர்களின் வீட்டுக்கு என்ன பதில்? நடுவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1995-ல் சட்டம் போட்டு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைத்தார்கள். டுட்டு தலைவர். 1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டன் என்ற ஊரில் (அது தென்னாப்பிரிக்காவில் இருக்கிற ஊர், இங்கிலாந்து இல்லை) முதல் விசாரணை. 21,000 பேருக்கும் மேல் வாக்குமூலம் கொடுத்தார்கள்.

குற்றம் செய்தவர்களுக்கு ஆணையம் சொன்னது இது. 1960 மார்ச் முதல் 1994 மே வரை நடந்ததாக இருக்க வேண்டும். அரசியல் காரணத்துக்காகச் செய்ததாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சொன்னால் வழக்கு கிடையாது, சிறை கிடையாது.

கவனித்தீர்களா? அழ வேண்டும் என்று இல்லை, வருந்த வேண்டும் என்று இல்லை, "மன்னியுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. நிறையப் பேருக்கு அன்றைக்கு இது கோபத்தைக் கொடுத்தது. எனக்கும் முதலில் படித்தபோது, இது என்ன சட்டம் என்றுதான் தோன்றியது. இப்போது அதிலும் ஒரு விவேகம் இருப்பதாகப் படுகிறது. வருத்தத்தைச் சட்டம் அளக்க முடியாது. விடுதலை கிடைக்கும் என்றால் எவனும் அழுவான். உண்மையைச் சரிபார்க்கலாம். எங்கே புதைத்தாய் என்று கேட்டுத் தோண்டிப் பார்க்கலாம்.

இதற்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் சொல் 'பொதுமன்னிப்பு'. இந்தச் சொல்தான் நம்மைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன். ஊர் மக்கள் எல்லோரும் கூடி மன்னித்துவிட்டதுபோல ஒலிக்கிறது. நடந்தது அதுவல்ல. அரசாங்கம் தன் வழக்கை விட்டுக்கொடுத்தது, அவ்வளவுதான். செத்தவனின் அம்மா மன்னித்தாளா என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. ஆங்கிலத்தில் ஆம்னஸ்டி என்பார்கள். மறதி என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாம். மறப்பதும் மன்னிப்பதும் வேறு வேறு.

அந்தச் சலுகையும் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. 7,112 பேர் விண்ணப்பம் போட்டார்கள். கிடைத்தது 849 பேருக்கு. 5,392 பேருக்கு மறுத்தார்கள். (மறுக்கப்பட்டவர்களில் பலர் அரசியல் சம்பந்தமே இல்லாத சாதாரணக் கைதிகள், இதிலாவது வெளியே வரலாமா என்று போட்டுப் பார்த்தவர்கள்.)

படத்தைவிட என்னைப் பிடித்து உலுக்கியது அந்த முதல் வாரத்து ஈஸ்ட் லண்டன் விசாரணையைப் பற்றிப் படித்ததுதான். கிரடாக் என்ற சின்ன ஊர். 1985 ஜூன் 27-ந் தேதி போர்ட் எலிசபெத்தில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டுக் காரில் ஊர் திரும்பிய நான்கு பேரைப் பாதுகாப்புப் போலீஸ் வழிமறித்துக் கொன்றது. உடல்களை எரித்துப் போட்டிருந்தார்கள். மாத்யூ கோனிவே, ஃபோர்ட் கலாட்டா, ஸ்பாரோ எம்கோன்டோ, சிசெலோ எம்லாவுலி. நான்கு பேரில் மூன்று பேர் பள்ளிக்கூட வாத்தியார்கள். எம்கோன்டோ மட்டும் ரயில்வே தொழிலாளி. வாத்தியார்களைத் தேடிப் பிடித்துக் கொல்கிற அளவுக்கு ஒரு அரசாங்கம் பயந்தது என்றால், அந்த மூவரும் வகுப்பில் ஏதோ உருப்படியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கலாட்டாவின் மனைவி சாட்சி சொல்ல உட்கார்ந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே உடம்பைப் பின்னால் சாய்த்து ஒரு ஓலமிட்டார். ஆணையத்தைப் பற்றி எழுதியவர்கள் பலரும் அந்த ஓலத்தைச் சொல்லாமல் விட்டதில்லை. விசாரணையைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியிருந்தது. திரும்பக் கூடியபோது டுட்டு ஒரு பழைய போராட்டப் பாட்டை எடுத்துக் கொடுக்க, கூடமே சேர்ந்து பாடியது. எம்லாவுலியின் மனைவி, கணவரின் உடலில் ஒரு கை இல்லாமல் கிடைத்ததைச் சொன்னார். அந்தக் கையாவது கிடைத்தால் புதைக்க வேண்டும் என்று கேட்டார்.

அதற்குப் பிறகு எம்லாவுலியின் மகள். அப்பா சாகும்போது சின்னப் பிள்ளை. அவள் சொன்னதன் சாரம் இது: மன்னிக்க நாங்கள் தயார்தான், ஆனால் யாரை மன்னிப்பது என்று தெரியவில்லையே.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மன்னிக்க வேண்டும் என்றால் முதலில் ஒரு ஆள் வேண்டும். அவன் வந்து, நான்தான், இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல ஆளே இல்லாதபோது அந்தப் பெண்ணிடம் போய் "பெரிய மனசு பண்ணும்மா" என்றால், காற்றைப் பார்த்து மன்னிக்கச் சொல்கிறோமா?

கிரடாக் கொலைக்குக் காரணமான போலீஸ்காரர்களுக்கு 1999-ல் பொதுமன்னிப்பு மறுக்கப்பட்டது. முழு உண்மையும் சொல்லவில்லை என்பதால். சரி, வழக்கு போட்டிருக்க வேண்டும் அல்லவா? போடவில்லை. வருஷங்கள் ஓடி, அந்த ஆறு பேரும் ஒவ்வொருவராகக் கிழவர்களாகிச் செத்துப்போனார்கள். 2025 ஜூனில்தான் அந்தச் சாவுகளைப் பற்றி மூன்றாவது முறையாகக் கோர்ட் விசாரணை தொடங்கியது. நாற்பது வருஷம். கலாட்டாவின் மனைவி இப்போது கிழவி, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மன்னித்தவர்களும் உண்டு. அவர்களைச் சொல்லாமல் போனால் பாவம். கேப் டவுன் பக்கத்தில் குகுலேத்து என்ற குடியிருப்பு. 1986 மார்ச்சில் போலீஸ் கையாட்களை உள்ளே அனுப்பி ஏழு இளைஞர்களை வலைவிரித்துச் சுட்டுக் கொன்றார்கள். ஆணையத்தின் விசாரணையில் போலீஸ் எடுத்த வீடியோவைப் போட்டார்கள். பெற்ற பிள்ளையின் உடம்பைத் திரையில் பார்த்த ஒரு தாய், உட்கார்ந்திருந்த போலீஸ்காரர்களைப் பார்த்துக் கால் செருப்பைக் கழற்றி வீசினார். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நல்லிணக்க ஆணையத்தில் செருப்பும் பறந்தது.

அந்தக் கொலையில் பங்கெடுத்தவர்களில் தபேலோ எம்பெலோ என்று ஒரு கறுப்புப் போலீஸ்காரர். அவர் பிறகு அந்தத் தாய்மார்களை நேரில் சந்தித்தார். 'லாங் நைட்ஸ் ஜர்னி இன்டு டே' என்று 2000-ல் வந்த ஆவணப்படத்தில் அந்தச் சந்திப்பு இருக்கிறது. பேரனை விட்டுத் தேடிப் பார்க்கச் சொன்னேன். தாய்மார்கள் முதலில் அவரை விளாசி எடுக்கிறார்கள். எங்கள் ரத்தத்தை விற்றவன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு அம்மா, உன் பெயருக்கு ஜெபம் என்றுதானே அர்த்தம் என்று கேட்கிறார். ஆமாம் என்கிறார். அதற்கப்புறம் அந்த அம்மா, உனக்கும் என் மகன் வயசுதான் என்று சொல்லி மன்னிக்கிறார். எல்லாத் தாய்மார்களும் அப்படி மன்னித்துவிடவில்லை. யாரும் அவர்களை அதட்டவும் இல்லை. ஜோஃபேயின் படத்தைவிட இந்தச் சில நிமிஷம் எனக்குப் பெரிதாகப்பட்டது. கோபம் முழுசாக வந்து தீர்ந்த பிறகு, கேள்வி கேட்டுப் பதில் வாங்கின பிறகு, அவர்களாகக் கொடுத்தது அது.

மாட்டேன் என்றவர்களும் உண்டு. ஸ்டீவ் பிகோ 1977 செப்டம்பரில் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்தார். முப்பது வயசு. அவருடைய குடும்பம் இந்தச் சட்டமே செல்லாது, எங்களுக்கு வழக்கு வேண்டும் என்று 1996-ல் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனது. தோற்றார்கள். அவர்களை யாராவது கெட்ட மனசுக்காரர்கள் என்று சொல்வீர்களா? டுட்டு மன்னிப்பைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் பேசியவர். 2021 டிசம்பரில் இறந்தார். அவரே, பொதுமன்னிப்பு கிடைக்காதவர்கள்மேல் அரசாங்கம் வழக்குப் போடவில்லையே என்று கடைசிவரை கேட்டவர். சுமார் 300 வழக்குகளை ஆணையம் அரசு வழக்கறிஞர்களிடம் ஒப்படைத்தது. கோர்ட் வாசலை மிதித்தது கைவிட்டு எண்ணும் அளவுதான். அந்த வழக்குகளை யாராவது வேண்டுமென்றே தடுத்தார்களா என்று விசாரிக்க 2025-ல்தான் குடியரசுத் தலைவர் ரமபோசா ஒரு விசாரணைக் குழு அமைத்தார்.

பணமும் அப்படித்தான். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்குச் சுமார் 20,000 ராண்ட், ஆறு வருஷத்துக்குக் கொடுங்கள் என்றது ஆணையம். அரசாங்கம் ஐந்து வருஷம் இழுத்தடித்து 2003-ல் ஒரே தடவையாக 30,000 ராண்ட் கொடுத்து முடித்துக்கொண்டது. குற்றவாளிக்குச் சலுகை கையோடு கிடைத்தது, பாதிக்கப்பட்டவள் அலைந்தாள். படத்தில் இதெல்லாம் வராது. மன்னித்ததும் திரை இருண்டுவிடுகிறது.

சரி, "நம்ம ஆட்களும் கத்துக்கணும் அத்தை" என்று எழுதியவளுக்கு வருகிறேன். நம் ஆட்களுக்கு இது நன்றாகவே தெரியுமடி. நம் வீட்டுப் பஞ்சாயத்துகளை நினைத்துப் பார். தப்பு செய்தவன் மாடியில் படுத்திருப்பான். அடிபட்டவளைச் சுற்றிப் பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்து, "நடந்தது நடந்துபோச்சு, நீதான் பெரிய மனசு பண்ணணும்" என்று சொல்லிக்கொண்டிருப்போம். பொறையுடைமை அதிகாரத்தை எடுத்து விளக்கம் சொல்வது நானாகத்தான் இருக்கும், தமிழ் வாத்தியார் வீட்டில் பிறந்ததால். நம் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு அப்படி நான் சொன்னது எந்த வருஷம், எந்தக் கல்யாணத்துக்கு முதல் நாள் என்று படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பெயர் வேண்டாம். அவள் "சரி சித்தி" என்றாள். கல்யாணம் தடையில்லாமல் நடந்தது. அவளுக்கு என்ன நடந்தது என்று அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது 1987.

அது நான் வேலை பார்த்த பள்ளிக்கூடங்களில் ஒன்று, எது என்பது வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, 52 பெண்கள். தஞ்சாவூருக்குச் சுற்றுலா. ஆளுக்கு 35 ரூபாய். அன்று காலை 12 பேர் பணம் கொண்டுவந்தார்கள். 420 ரூபாய். கவரில் போட்டு மேசை டிராயரில் வைத்ததாக நினைவு. சாப்பாட்டு மணிக்கு அப்புறம் பார்த்தால் இல்லை.

வகுப்பில் மதியம் சாப்பிட்டுவிட்டு உள்ளேயே இருந்தவர்கள் ஏழெட்டுப் பேர். நான் ஒருத்தியைத்தான் எழுப்பினேன். ஏன் அவளை? அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால், சுற்றுலாவுக்குப் பணம் கட்டாதவள் என்று சொல்லியிருப்பேன். பணம் கட்டாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவள் காலனியிலிருந்து வருகிறவள். அதனால்தான். இதை எழுத எனக்கு இத்தனை வருஷமாகியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் யார் எந்தத் தெருவில் இருக்கலாம் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்திருந்தது. எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, தானாகவே கை அவளை நோக்கி நீண்டது.

அவளுடைய பையைக் கொட்டினேன். தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தேன். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து பார்த்தேன். 51 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை என்றதும், எங்கேயோ ஒளித்துவிட்டாள் என்று கோபம் கூடியது. ஸ்கேலால் அடித்தேன். சாயங்காலம் வரை பெஞ்சுமேல் நிற்க வைத்தேன். மறுநாள் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னேன். நடவு வேலையை விட்டுவிட்டு, சேற்றுக் காலோடு அந்த அம்மா வந்தார். வராந்தாவில் ஏறவில்லை. கீழேயே நின்றார். நானும் ஏறி வாருங்கள் என்று சொல்லவில்லை. "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, என் எதிரிலேயே மகளை ஓங்கி அறைந்தார்.

என் சம்பளத்திலிருந்து 420 ரூபாய் போட்டுச் சுற்றுலாவை நடத்தினேன். தலைமையாசிரியை பிரேயரில் என்னைப் பாராட்டினார். பெரிய கோயில் நந்திக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோ உங்களில் பலர் வீட்டில் இருக்கும். அதில் அவள் இல்லை.

மூன்று வாரம் கழித்து, மார்க் ரிஜிஸ்டரின் பிரவுன் அட்டை கிழிந்துவிட்டது என்று மாற்றினேன். அட்டையின் மடிப்புக்குள் அந்தக் கவர் இருந்தது. நான்தான் அதில் சொருகியிருக்கிறேன். பன்னிரண்டு பேர் பெயரும் என் கையெழுத்தில்.

அவளை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டேன். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான். "பணம் கிடைச்சிடுச்சும்மா. மனசுல ஒண்ணும் வச்சுக்காதே" என்றேன். எங்கே கிடைத்தது என்று சொல்லவில்லை. அவள் தரையைப் பார்த்தபடி, "பரவாயில்லங்க டீச்சர்" என்றாள். மன்னித்துவிட்டாள், நல்ல பெண் என்று நினைத்து எனக்கு மனசு லேசாகிவிட்டது. வகுப்பில் சொல்லவில்லை. தலைமையாசிரியையிடம் சொல்லவில்லை. அவளுடைய அம்மாவுக்கு ஆள் விடவில்லை. பதினாலு வயசுப் பெண் டீச்சரிடம் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று நான் அன்றைக்கு நினைக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்கள் பேட்ச் ஒன்றுகூடலுக்கு என்னைக் கூப்பிட்டு மாலை போட்டீர்கள். சாப்பாட்டுப் பந்தியில் ஒருத்தி சிரித்துக்கொண்டே, "ஃபோர் ட்வென்டி வரலையா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னார்கள், ஒன்பதாவதிலிருந்து பத்தாவது முடிகிறவரை அவளுக்கு அதுதான் பெயராம். தொகையும் அப்படி அமைந்துவிட்டது. எல்லோரும் சிரித்தீர்கள். நானும் இலையைப் பார்த்துச் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அன்றைக்காவது வாய் திறந்திருக்கலாம்.

அதனால் இப்போது சொல்கிறேன். 1987, ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. அந்தப் பணத்தை அவள் எடுக்கவில்லை. யாரும் எடுக்கவில்லை. ரிஜிஸ்டர் அட்டைக்குள் வைத்துவிட்டு மறந்தது நான். அது எனக்கு மூன்றே வாரத்தில் தெரியும். அவளைச் சந்தேகப்பட்டது அவள் எந்தத் தெருவிலிருந்து வந்தாள் என்பதால். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதை அப்படியே போடுங்கள், ஒரு வரியும் வெட்டாமல்.

அவளுடைய நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். இதைப் பதிவிட்ட பிறகு கூப்பிட்டு, எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் என்ற செய்தியை மட்டும் சொல்வதாக இருக்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்கப் போவதில்லை. அவள் போனை எடுக்காமல் இருக்கலாம், திட்டலாம், அது அவள் இஷ்டம். அவளுடைய அம்மா இருக்கிறாரா என்று தெரியவில்லை. இருந்தால் நேரில் போவேன்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவளை இந்தப் பதிவில் டேக் செய்யாதீர்கள், போன் போட்டு "டீச்சர் பாவம், மன்னிச்சிடு" என்று யாரும் சொல்லாதீர்கள். "உண்மையை ஒத்துக்கிட்டீங்க, உங்களுக்குப் பெரிய மனசு டீச்சர்" என்று பின்னூட்டம் போட்டால் அழித்துவிடுவேன். படத்தைப் பார்த்தவர்கள் படத்தைப் பற்றி எழுதுங்கள், படிக்கிறேன்.